செக்மெட் சிலையும் மகளின் கோபமும்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. தோழி ஒருத்தி கெய்ரோவிலிருந்து வாங்கி வந்த செக்மெட் சிலையை மேஜையில் வைத்திருக்கிறாள். பெண் சிங்க முகமும் தலையில் சூரிய வட்டமும் கொண்ட எகிப்தியத் தேவி. "கோபம்தான் என் சக்தி, அதற்கு இவளே சாட்சி" என்று சொல்லிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் வீட்டில் கத்துகிறாள். சிலையை அப்புறப்படுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வேண்டாம், அம்மா. சிலையை எடுத்தால் சண்டை சிலையைப் பற்றியதாக மாறிவிடும். உங்கள் மகள் செக்மெட்டைப் பிடித்துக்கொண்டதில் தவறில்லை. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

சூரியக் கடவுள் ரா மூப்படைந்தபோது மனிதர்கள் அவருக்கு எதிராகச் சதி செய்தார்கள். அவர்களைத் தண்டிக்கத் தம் கண்ணையே ஹாத்தோர் தேவியாக அனுப்பினார். கொன்று குவித்ததில் அவளுக்கு வெறி ஏறியது; அந்த உக்கிர வடிவமே செக்மெட். மனித இனமே அழிந்துவிடும் என்று ரா அஞ்சினார். ஆனாலும் அவளோடு மோதவில்லை. செங்காவி கலந்த பீரை 7,000 ஜாடிகளில் நிரப்பச் செய்து, விடியுமுன் வயல்களில் ஊற்ற வைத்தார். இரத்தம் என்று எண்ணிக் குடித்தாள். போதையில் கொலையை மறந்து திரும்பிவிட்டாள். முதலாம் சேத்தி மன்னனின் கல்லறைச் சுவரில் இந்தக் கதை பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவளை அனுப்பியதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். காரணம் தீர்ந்த பிறகும் நிற்க முடியாமல் போனதுதான் ஆபத்து.

எகிப்தியர்களிடம் நான் பெரிதும் மதிப்பது இதற்கு அடுத்ததை. கொள்ளைநோயை அனுப்புபவள் என்று யாரை அஞ்சினார்களோ, அவளிடமே நோய் குணமாகவும் வேண்டினார்கள். அவளுடைய பூசாரிகள் மருத்துவமும் பார்த்தார்கள். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏபெர்ஸ் மருத்துவச் சுருள், நோயாளியின் உடலில் கைவைத்து இதயத் துடிப்பை அறிபவர்களில் வைத்தியரோடு செக்மெட்டின் பூசாரியையும் சேர்த்துச் சொல்கிறது. ஆண்டு முடிவின் ஐந்து நாட்களில் அவள் சினம் ஊரைத் தாக்காதிருக்க மந்திரம் ஓதிக் காப்புக் கட்டிக்கொண்டார்கள். மூன்றாம் அமென்ஹோதெப் மன்னன் அவளுக்கு நூற்றுக்கணக்கான கருங்கல் சிலைகள் செய்வித்தான். அவற்றின் கையில் வாளோ வில்லோ இல்லை. உயிரைக் குறிக்கும் அங்க் சின்னம்தான் இருக்கிறது.

இந்தக் கதையை மகளிடமே முழுதாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் புத்திமதி வேண்டாம். முடித்ததும், "உன் கோபம் முதலில் யார்மீது வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். எல்லோர்மீதும் கத்துகிறவளுக்கு யாரோ ஒருவர்மீது சொல்லாத வருத்தம் இருக்கக்கூடும். அலுவலகத்தில் அவமானப்பட்டிருக்கலாம், உங்களிடமே மனம் நொந்திருக்கலாம். உங்கள் பெயரைச் சொன்னாலும் மறுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். உறக்கம் கெட்டு, பொருள்களை வீசி உடைக்கும் அளவுக்குப் போனால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.