சமமா, நியாயமா?

கேள்வி: தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். விடுமுறை நாட்களில் ஐந்து மணி நேரத்தை ஆங்கிலம், நடப்பு நிகழ்வு, சட்டம், தர்க்கம், கணக்கு என ஐந்துக்கும் சமமாகப் பிரித்துப் படிக்கிறேன். அட்டவணை அனுப்பியிருக்கிறேன். சரிதானா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: அட்டவணையைப் பார்த்தேன் மகளே. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஐந்து கட்டமும் ஒரே அளவு. கணக்குக்கு மட்டும் சிவப்பு மை. ஆனால் நான் நின்றது 'சமமாக' என்ற உன் சொல்லில்தான். வக்கீலாகப் போகிறவள் இந்தச் சொல்லை லேசில் விடக் கூடாது.

மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண அரசாணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சாதியைக் காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மேடும் பள்ளமுமான வயலில் ஒரே அளவு தண்ணீர் விட்டால் மேட்டுப் பயிர் காயும், பள்ளத்துப் பயிர் அழுகும். பெரியார் போராடினார், தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) என்ற பிரிவு பிறந்தது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

சரி, உன் வயலுக்கு வருவோம். தேர்வில் 120 கேள்வி, 120 நிமிடம். சட்டத்தில் 28 முதல் 32, நடப்பு நிகழ்விலும் அதே அளவு. ஆங்கிலம், தர்க்கம் ஒவ்வொன்றிலும் 22 முதல் 26. கணக்கில் 10 முதல் 14 மட்டுமே, அதுவும் பத்தாம் வகுப்புத் தரம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. நீ அதற்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் கொடுக்கிறாய். பயம்தான் அந்தச் சிவப்பு மை. அரை மணி போதும். சதவீதமும் விகிதமும் கை வந்தால் பாதிப் பயம் போய்விடும். தெரியாத கேள்வியை விட்டுவிடு. நான்கு தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும்.

மிச்சமாகும் அரை மணியை வாசிப்புக்குக் கொடு. ஐந்து பகுதியும் பத்தியைப் படித்துப் பதில் சொல்வதுதான். பெரும்பாலும் ஒவ்வொரு பத்தியும் 450 வார்த்தை வரை போகும். சட்டப் பகுதிக்கே முன்கூட்டி சட்டம் தெரிய வேண்டாம். பத்தியில் சொன்ன விதியைப் பிடித்துக்கொண்டு, கொடுத்த சம்பவத்தில் பொருத்தினால் போதும். உன் மனசுக்கு எது நியாயம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

இதெல்லாம் ஆங்கிலத்தில் மட்டும்தான் என்பது என் தீராத வருத்தம். நம் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம். உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. இன்னும் கிடைக்கவில்லை. வாசலிலேயே ஆங்கிலம் தெரிந்தால்தான் கதவு திறக்கும் என்றால், திண்டுக்கல் பெண்ணுக்கும் டெல்லிப் பையனுக்கும் என்ன சமம்?

அது மாறும்வரை நீ காத்திருக்க முடியாது. தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைச் சத்தமாக வாசி. அப்புறம் தாளை மூடிவிட்டு, அதில் யார் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று உன் அம்மாவிடம் தமிழில் சொல்லு. அம்மா குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிகிறதா என்று பார்.