பைபிஐ-யில் இருக்கிறது, பிப் இல்லை என்கிறதே?

கேள்வி: சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை பார்க்கிறேன். பைத்தான் மொழியில் கணக்கீடுகளுக்கு உதவும் நம்பை பேக்கேஜின் 2.1.0 பதிப்பு வேண்டும். பைத்தான் பேக்கேஜ்கள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் கண்ணெதிரே இருக்கிறது, வீட்டு லேப்டாப்பிலும் ஏறிவிட்டது. ஆபீஸ் கணினியில் மட்டும் அப்படி ஒரு பதிப்பே கிடைக்கவில்லை என்கிறது, பேக்கேஜ்களை ஏற்றித் தரும் பிப். பிப்பின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) துடைத்தும் பயனில்லை.
- வாசகி, தெம்பினிஸ்

பதில்: கேஷை விடுங்கள். ஆபீஸ் கணினியில் எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று பாருங்கள். 3.9 ஆக இருக்கும் என்பது என் ஊகம். நம்பை 2.1-க்கு 3.10-ஆவது வேண்டும், 3.9-க்கு 2.0.2-ஓடு சரி. உங்கள் பைத்தானுக்கு ஒத்துவராத பதிப்புகளை பிப் முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் தேடுகிறது.

பிழைச் செய்தி வந்தால் எல்லோரும் கடைசி வரியை மட்டும் படிக்கிறோம். அதற்கு மேலே ஒரு நீள வரி இருக்கும். வேறு பைத்தான் கேட்கும் பதிப்புகளை விட்டுவிட்டதாகப் பட்டியல் போட்டு, 2.1.0-க்குப் பக்கத்திலேயே '>=3.10' (3.10 அல்லது அதற்கு மேல்) என்று காட்டியிருக்கும். பழைய பிப் இந்த வரியைக் காட்டாது. அதனால் முதலில் பிப்பைப் புதுப்பியுங்கள்.

காரணம் இதுதான் என்றால், புதிய பைத்தானில் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்ற வேலைகளைத் தொடாமல் பேக்கேஜ்களை ஏற்றத் தனி இடம்) போட்டுக்கொள்ளுங்கள். 3.9-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, எப்படியும் மாற வேண்டியதுதான். பைத்தான் பொருத்தத்தைப் பார்க்காமல் ஏற்றச் சொல்லவும் பிப்பில் வழி உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள். 3.9-க்கான வீல் கோப்பு (முன்பே கட்டிவைத்த, அப்படியே ஏற்றக்கூடிய கோப்பு) கிடையாது என்பதால் மூல நிரலிலிருந்து கட்டப் பார்த்து, இதைவிட நீளமான பிழையில் போய் நிற்கும்.

பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தும் இதே செய்தி வருகிறதா? அப்புறம் பார்க்க வேண்டியது, பிப் எங்கே போய்த் தேடுகிறது என்பதை. முகவரியை மாற்றி வைத்திருந்தால் 'பிப் கான்ஃபிக் லிஸ்ட்' கட்டளை அதைக் காட்டும். அது பைபிஐ-யாக இல்லாமல் அலுவலகத்தின் உள் மிரராக (பேக்கேஜ்களின் நகலை வைத்திருக்கும் சர்வராக) இருக்கலாம். அரசு ஊழியர் கணினிகளையே 2017-இல் இணையத்திலிருந்து பிரித்து வைத்த ஊர் இது. வங்கிக்கு மென்பொருள் செய்யும் இடங்களிலும் மிரர் சகஜம். புதிய பதிப்பு அங்கே வரத் தாமதமாகும், வேண்டுமென்றே நிறுத்தியும் வைப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 2025 செப்டம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் தளமான என்பிஎம்மில் சாக், டீபக் போன்ற பிரபலமான பேக்கேஜ்களிலேயே தீய நிரல் புகுந்ததே, அப்போது உடனுக்குடன் புதுப்பிக்காதவர்கள்தான் தப்பித்தார்கள். போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வெளியிலிருந்து இறக்கிவிடலாம் என்ற யோசனை வேண்டாம்.

 

மிரர்தான் காரணம் என்றால் ஐடி பிரிவுக்கு எழுதுங்கள். பைத்தான் பதிப்பு, பிப் பதிப்பு, மிரர் முகவரி, முழுப் பிழைச் செய்தி நான்கையும் எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அந்த நீள வரி அதில்தான் வெட்டுப்படும்.