கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இணையத்தில் பிறருக்கு உதவ ஏன் முன்வருவதில்லை?

முன்னால் வருவதில்லை, அவ்வளவுதான். பின்வாசல் வழியாக வருகிறோம். கேள்வியைப் பார்த்தால், எங்கோ உதவி கேட்டு, நூறு பேர் பார்த்தும் ஒருவரும் வாய் திறக்காத கோபத்தில் இருக்கிறீர்கள் போல. அந்த நூறில் ஒருவராவது பதிலை முழுசாகத் தட்டிவிட்டு அழித்திருப்பார்.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் புலம்பினார்: எக்செலில் தேதி இருந்த இடத்தில் 45292 என்று வருகிறது, ஃபைல் கெட்டுவிட்டதா? கெடவில்லை. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே போகும். 45292 என்றால் 2024 ஜனவரி 1. ஃபார்மட்டை ‘டேட்’ என்று மாற்றினால் முடிந்தது. நாலு வரி எழுதினேன். முன்னால் “எனக்குத் தெரிந்தவரை” சேர்த்தேன். பின்னால் “தவறென்றால் மன்னிக்கவும்” சேர்த்தேன். பிறகு மொத்தத்தையும் அழித்தேன். அதற்குள் ஒருவர் “ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்றார், இன்னொருவர் வைரஸ் என்றார். பொறுக்க முடியாமல் கேட்டவருக்கே தனியாக அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் குழுவில் போட்டார்: “நானே கண்டுபிடிச்சிட்டேன்!” கட்டைவிரல்கள் குவிந்தன. பேர் வாங்க நான் செய்யவில்லை. (கொஞ்சம் வலித்தது.)

பொதுவிலேயே போட்டிருக்கலாமே என்பீர்கள். முன்பு ஒருமுறை போட்டேன். “மாற்றி பாருங்கள்” என்று எழுதியிருந்தேன். வந்த ஒரே மறுமொழி: “மாற்றிப் பாருங்கள். ப் மிகும்.” கேட்டவருக்கு வேலை நடந்ததா என்று இன்றுவரை தெரியாது. ஒற்று பார்க்க மட்டும் வருகிறவர்களே, விடை தெரிந்திருந்தால் அதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாமே?

இதெல்லாம் சாக்கு என்று யாராவது கிளம்புவார்கள். கூச்சக்காரர்கள் எல்லாரும் தங்கம் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் பேட்ரிக் மார்க்கி என்ற உளவியலாளர் 400 அரட்டைக் குழுக்களை வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. கூட்டம் கூடக் கூட உதவி வரத் தாமதமானது; குறிப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டபோது அந்தத் தாமதம் இல்லை. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கூச்சக்காரர்களா என்ன?

என்னையும் ஒருமுறை ஒருவர் பெயர் போட்டு, “நீங்க சொல்லுங்க, உங்களுக்குத் தெரியும்” என்றார். ஒற்று விவகாரத்துக்குப் பிறகு நான் அழிக்காமல் பொதுவில் அனுப்பியது அது ஒன்றுதான். இது இரண்டாவது.

பிழை கண்ணில் பட்டால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ப்ளீஸ்.