அம்மாவைக் கேட்டீர்களா?

கேள்வி: அப்பா மறைந்தபின் 73 வயது அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதிலிருந்து எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மதியச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள், ஞாயிறன்று காரில் கோவிலுக்குக் கூட்டிப்போகிறார்கள். சபைக்காக அம்மா வீடு வீடாகக் கைப்பிடி அரிசி வாங்கப் போவதையும் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். இவ்வளவு செய்தும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சென்னைக்கும் வர மறுக்கிறார். ஐயரை விட்டுப் புத்தி சொல்லச் சொல்லலாமா?

பதில்: ஐயர் புத்தி சொல்ல வேண்டியது உங்களுக்கு, தம்பி.

அரிசி வாங்கப் போவதை நிறுத்தியதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். அவர் விழுந்தது குளியலறையில். நீங்கள் அடைத்தது தெருக்கதவை. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்ததாகக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து டப்பாவில் போட்டு வைப்பார்கள். அதை வாங்க வீடு வீடாகப் போகிறவருக்கு அரிசி மட்டுமா கிடைக்கிறது? எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, யார் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், யார் வீட்டு டப்பா இந்த வாரம் காலி, எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். காலி டப்பாவைப் பற்றி ஐயர் காதில் சத்தமில்லாமல் போடுகிறவரும் அவர்தான். அப்படி இருந்தவரைச் சாப்பாட்டுக் கேரியருக்காக வாசலைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறீர்கள்!

பைபிளில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், 5-ம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். சபையின் விதவைகள் பட்டியலில் சேர 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறார். கூடவே, அந்நியரை உபசரித்தவளா, உபத்திரவப்பட்டவர்களுக்கு உதவினவளா என்றும் பார்க்கச் சொல்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளட்டும் என்பதும் அதே அதிகாரம்தான். சாப்பாட்டைச் சங்கத்துக்கும் புத்திமதியை ஐயருக்கும் ஒதுக்கிவிட்டால் உங்கள் பங்கு என்ன? தாயைப் பிள்ளைதான் பார்க்க வேண்டும். இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். கூடவே நின்று கம்பியைப் பொருத்துங்கள், வழுக்குகிற தரையையும் மாற்றுங்கள். அப்புறம் ஐயரைப் பார்த்து, நான் சொன்னதை மறந்துவிடுங்கள், அம்மா என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லுங்கள். தெரு முழுக்க நடக்க முடியாவிட்டால் பக்கத்து நாலு வீடு போதும். பை தூக்க, ஞாயிறு வேதப்பாடம் படிக்கும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளை ஒன்று கூடப் போகட்டும். சோறு எந்தெந்த நாள் வேண்டும், கார் வேண்டுமா என்பதை அம்மாவே சங்கத்தாரிடம் சொல்லிக்கொள்வார்.

சென்னைப் பேச்சை இந்தத் தடவை எடுக்கவே எடுக்காதீர்கள்.