முகாம் மூடப்படும்போது: இடமாற்றம் பற்றிய கேள்வி பதில்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், தாம் தங்கியிருக்கும் முகாம் மூடப்படுவதால் வேறு ஊருக்கு மாற்றப்படவுள்ள புகலிடக் கோரிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. டென்மார்க் நீங்கலாக ஏனைய உறுப்பு நாடுகளுக்குப் பொதுவான விதிகளை வைத்தே பதிலளிக்கிறேன்; நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும்.

கேள்வி: இந்த ஊரிலேயே இருக்க விரும்புகிறேன். இடமாற்றத்தை மறுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. அவசியம் ஏற்பட்டால் மட்டுமே ஒருவரை ஒரு தங்குமிடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவேற்பு நிபந்தனைகள் வழிகாட்டல் (புகலிடக் கோரிக்கையாளருக்குத் தங்குமிடமும் உதவியும் வழங்குவது பற்றிய சட்டம்) கூறுகிறது. ஆனால் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் முடிந்து முகாமே மூடப்படும்போது அந்த அவசியத்தை மறுத்து வாதிடுவது கடினம். போகவே மாட்டேன் என்பதைவிட, அந்த இடம் எனக்கு ஏன் பொருந்தாது என்று காரணத்தோடு எழுதிக் கொடுப்பதே பலன் தரும். சொல்லாமல் நண்பர் வீட்டுக்குப் போய்விடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நிர்ணயித்த இடத்தை அறிவிக்காமல் விட்டுச் சென்றால் கொடுப்பனவைக் குறைக்கவோ நிறுத்தவோ, பிற உதவிகளைக் குறைக்கவோ சட்டம் இடமளிக்கிறது.

கேள்வி: என் நேர்காணல் திகதி இன்னும் வரவில்லை. முகாம் மாறினால் வழக்கு பாதிக்கப்படுமா?

பதில்: இடம் மாறுவதால் மட்டும் வழக்கு பாதிக்கப்படாது, கடிதம் கைக்கு வராமல் போனால்தான் பாதிக்கப்படும். முகவரி மாற்றத்தைத் தாமதமின்றி அறிவிப்பது விண்ணப்பதாரரின் கடமை. அறிவிக்காவிட்டால், கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு அனுப்பிய கடிதம் உங்களுக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படலாம். பழைய முகாமின் தபால் தட்டில் அழைப்புக் கடிதம் கிடக்க, நேர்காணலுக்கு வராததால் விண்ணப்பத்தைக் கைவிட்டவராக நீங்கள் கருதப்படும் நிலையும் வரலாம். முகாம் நிர்வாகம் சொல்லிவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம், ஏனெனில் தங்குமிடத்தைக் கவனிக்கும் அலுவலகமும் விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் அலுவலகமும் பல நாடுகளில் வெவ்வேறானவை. வழக்கு இலக்கத்தைக் குறிப்பிட்டு, புதிய முகவரியை நீங்களே எழுத்தில் அறிவித்து, அனுப்பியதற்கான சான்றை வைத்திருங்கள். மேன்முறையீட்டில் இருப்பவர்கள் நீதிமன்றத்துக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். உங்கள் சட்டத்தரணிக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டலில் உள்ள விதி. பேருந்தில் ஏறுமுன் அந்த வாய்ப்பைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: மகள் பாடசாலை போகிறாள். அம்மாவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. எங்களைப் பிரித்து அனுப்புவார்களா?

பதில்: தங்குமிடம் வழங்கும்போது குடும்ப ஒற்றுமையை இயன்றவரை பேண வேண்டும் என்பது விதி, பிள்ளையின் நலனுக்கு முதன்மை தர வேண்டும் என்பதும் விதி. இருந்தாலும் உங்கள் வீட்டு நிலைமை இடமாற்றப் பட்டியல் தயாரிக்கும் அதிகாரிக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அம்மாவுக்கு வாரத்தில் எத்தனை முறை சிகிச்சை, எவ்வளவு தூரத்துக்குள் வைத்தியசாலை இருக்க வேண்டும் என்பதை வைத்தியரிடம் கடிதமாக வாங்கி இப்போதே கொடுங்கள். இடம் ஒதுக்கிய பின் கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு என்பது என் அனுபவம். புதிய ஊரின் வைத்தியசாலை அம்மாவை ஏற்றுக்கொண்டதை உறுதிசெய்யாமல் பயண நாளுக்குச் சம்மதிக்க வேண்டாம். மகளுக்கு, இப்போதைய பாடசாலையிலிருந்து வகுப்பு விபரமும் மதிப்பெண் அறிக்கையும் வாங்கிக்கொண்டால் புதிய பாடசாலையில் சேர்ப்பது எளிது.

கேள்வி: வேலை செய்கிறேன். அதற்காக இங்கே இருக்க விடுவார்களா?

பதில்: வேலை ஒப்பந்தத்தைக் காட்டி, வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் இடம் கேட்கலாம். ஏற்கும் கட்டாயம் பொதுவாக இல்லை.

கேள்வி: பொருள்கள் எவ்வளவு கொண்டு போகலாம்?

பதில்: பேருந்தில் இடம் குறைவாக இருக்கலாம் என்பதால் அளவை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூல ஆவணங்களும் சில நாள்களுக்கான மருந்தும் பெரிய பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும்.