பேய்க்கணவாயும் கணவாயும் ஒன்றா?

கேள்வி: மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் கணவாயோடு பேய்க்கணவாயையும் கலந்து கூறு போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே இனம்தானா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: சொந்தம்தான், ஆனால் கொஞ்சம் தள்ளிய பங்காளி. கையை எண்ணிப் பாருங்கள், கணவாய்க்குப் பத்து, பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸுக்கு எட்டு. ஆக்டோபஸில் மட்டும் சுமார் 300 இனங்கள், அதையும் இரண்டு பெரிய கிளையாகப் பிரித்திருக்கிறார்கள்: யானைக்காது மாதிரி துடுப்போடு ஆழ்கடலில் திரியும் டம்போ வகையறா ஒன்று, துடுப்பில்லாத மற்றதெல்லாம் இன்னொன்று. உங்கள் கூறில் கிடந்தது இரண்டாவது.

இந்தக் கணக்கும் நிலையானதில்லை. 1797-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே பெயர் வைத்த சாதாரண ஆக்டோபஸை உலகம் முழுக்க ஒரே இனம் என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள், அப்புறம் மரபணுவைப் பார்த்தால் அது பல இனம்! குழம்புக்கு எது நல்லது என்கிறீர்களா? நான் கணவாய்க் கட்சி.