போண்டா மணி ஏன் சேர்த்து வைக்கவில்லை என்று கேட்டவருக்கு

"இத்தனை படங்களில் நடித்த காமெடி நடிகர் போண்டா மணி, கடைசியில் சிகிச்சைக்கு ஏன் உதவி கேட்க வேண்டி வந்தது? சம்பாதித்த காலத்தில் நாலு காசு சேர்த்து வைத்திருக்கக் கூடாதா?" இதுதான் கேள்வி.

கேட்டவர் மாதச் சம்பளக்காரர் என்று நினைக்கிறேன். ஒன்றாம் தேதி பணம் வரும், பி.எஃப். பிடிப்பார்கள், காய்ச்சல் வந்தால் லீவு போடலாம். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கணக்கை வைத்து எங்கள் பிழைப்பை அளக்காதீர்கள். நான் மிமிக்ரி கலைஞன். கோயில் திருவிழா மேடைகளில் பதினாறு வருடம் ஆகிறது. கடைசி நாலு வருடமாக இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

காமெடிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சிரிப்பை வாங்குவார், இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். போண்டா மணி எடுத்துக் கொடுத்தவர். போலீஸ் துரத்த ஓடி வந்து, அடித்துக் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள் என்று வடிவேலுவிடம் கெஞ்சிவிட்டுத் தண்ணீரில் குதிப்பாரே, அதை இன்னொரு முறை பாருங்கள். முகத்தில் துளிச் சிரிப்பு இருக்காது. உயிரே போகிற மாதிரி நம்பிச் சொல்வார். அவர் அப்படி நம்பவில்லை என்றால் வடிவேலு அடி வாங்குவது யாருக்குச் சிரிப்பாக இருக்கும்? ஆனால் போஸ்டரில் எடுத்துக் கொடுப்பவர் முகம் வராது. கூப்பிட்ட நாளைக்குத்தான் கூலி. நூறு படம் நடித்தார் என்றால் நூறு சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். பல படங்களில் ஒரு நாள், இரண்டு நாள் வேலைதான் இருக்கும்.

அவர் இலங்கை மன்னாரில் பிறந்தவர். போருக்குத் தப்பி இங்கே வந்து, பாக்யராஜ் படத்தில் முகம் காட்டி, முப்பது வருடம் ஓடினார். 2022-இல் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கிடந்தபோது, கூட நடித்த பெஞ்சமின் அழுதுகொண்டே பேசிய வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது. விஜய் சேதுபதி, தனுஷ் என்று சிலர் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். மருந்து வாங்கி வருகிறேன் என்று அவருடைய ஏடிஎம் கார்டை வாங்கிப் போன ஒருவன், நகைக்கடையில் ஒரு லட்சத்துக்கு மேல் தேய்த்துவிட்டான். 2023 டிசம்பர் 23 இரவு பொழிச்சலூர் வீட்டில் மயங்கி விழுந்தவர் பிழைக்கவில்லை. அறுபது வயது. அவருக்கு முன்னால் 2020-இல் நடிகர் தவசி. அந்த முறுக்கு மீசைக்காரர் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் எலும்பாகி உதவி கேட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"குடிச்சிருப்பான்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் குடித்ததில்லை. எனக்கு வந்தது பிபியால். ராத்திரி இரண்டு மணிக்கு நிகழ்ச்சி முடியும், விடிவதற்குள் அடுத்த ஊருக்கு வேன். தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை வருடக்கணக்கில் போட்டேன். கால் வீங்கி டாக்டரிடம் போனபோது மேல் பிபி 210. கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவான கிரியாட்டினின் 9. அப்போது எனக்கு 34 வயது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் இலவசமாக நடக்கிறது. அது இல்லையென்றால் நான் இல்லை. ஆனால் போகவர ஆட்டோ, ரத்தம் ஏற ஊசி, மாத்திரை, டெஸ்ட் எல்லாம் கைக்காசு. வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போக முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டு வாடகை.      

நான் சொல்ல வந்தது பணத்தைப் பற்றி மட்டும் இல்லை. எங்கள் தொழிலில் நோயை மறைத்தாக வேண்டும். நான் இரண்டு வருடம் மறைத்தேன்.

இடது முழங்கைக்குக் கீழே ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது அது. நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடும். அதனால் மேடையில் எப்போதும் முழுக்கைச் சட்டைதான், மைக் வலது கையில்தான். நாக்கு வறண்டாலும் சோடா குடிக்க மாட்டேன், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர்தான் கணக்கு. தொண்டையை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், திண்டுக்கல் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி ஷிப்டில் டயாலிசிஸ் முடித்து, தூங்கி எழுந்து, சாயங்கால பஸ்ஸில் போனேன். கூட்டம் நன்றாக இருந்தது. எம்.ஜி.ஆர். சிலம்பம் சுற்றுகிற இடத்தில் எனக்கே உற்சாகமாகி இடது கையை வீசிவிட்டேன். ஊசி குத்திய இடம் திறந்துகொண்டது. எனக்குத் தெரியவில்லை. முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து, "மாமா, ரத்தம்" என்றான். கூட்டம் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துச் சிரித்தது. வெள்ளைச் சட்டை மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, மறைக்க வழியில்லாமல், மைக்கிலேயே சொன்னேன்: எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது, பயப்படாதீர்கள், பத்து நிமிடத்தில் நின்றுவிடும்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. விழாக் கமிட்டித் தலைவர் துண்டை ஏந்திக் கூட்டத்துக்குள் போனார். 7,350 ரூபாய். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் போட்ட பாட்டிமார்களை நான் மறக்க மாட்டேன், அவர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த பங்குனிக்கு நானே போன் செய்தேன். "உடம்பு முடியாத ஆள நிக்க வச்சு சிரிக்க மனசு வரல தம்பி" என்றார் அந்தத் தலைவர். பாசமாகத்தான் சொன்னார். விஷயம் பரவி, அந்தப் பக்கத்தில் வருடம் ஆறு மேடை கிடைத்துக்கொண்டிருந்தது ஒன்றாகிவிட்டது.

அதனால்தான் பெஞ்சமின் வீடியோவைப் பார்த்த அன்று இருந்ததைவிட இப்போது எனக்கு அது அதிகமாக உறுத்துகிறது. உதவி கேட்டுவிட்ட காமெடியனை இந்த ஊர் வாழ வைக்கும், ஆனால் வேலைக்குக் கூப்பிடத் தயங்கும். ஏன் முதலிலேயே சொல்லவில்லை, ஏன் கடைசி நேரத்தில் கையேந்தினார் என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

டயாலிசிஸ் வார்டில் மட்டும் நிலைமை வேறு. ஊசி போட வரும் சிஸ்டர், "அண்ணா, பக்கத்து பெட் அய்யா ரொம்ப பயப்படுறாரு, ஒரு நாகேஷ் பண்ணுங்க" என்பார். படுத்தபடியே பண்ணுவேன். பதினைந்து பேர் கையில் குழாயோடு சிரிப்பார்கள். அங்கே யாருக்கும் யார்மேலும் பரிதாபம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே வியாதி.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது விழாக் கமிட்டியில் இருந்தால், துண்டு ஏந்த வேண்டாம். நிகழ்ச்சி கொடுங்கள். செவ்வாய், வியாழன், சனி மட்டும் முடியாது. மற்ற நாலு நாளும் வருவேன், ஒன்றரை மணி நேரம் நின்றபடியே பண்ணுவேன்.